குறுக்கே நின்ற வண்டி

சரித்திரம் படித்தவன் என்று என்னைச் சொல்லிக்கொள்ள முடியாது. பத்தாம் வகுப்பில் கணக்கில் கோட்டை விட்டு, லாரியில் கிளீனராக ஏறி, கடைசியில் டிரெய்லர் டிரைவர் ஆனவன். ஆனால் துறைமுகத்துக்குள் நுழையக் காத்துக் கிடக்கும் கன்டெய்னர் வரிசையில் ஒரு மனிதன் பகல் முழுக்க என்ன செய்வான்? தூங்குவான், சீட்டாடுவான், சண்டை போடுவான். நான் போனில் உலக சரித்திரம் கேட்டேன். கேட்டதைச் சும்மா வைத்திருக்கிற வாய் எனக்கு இல்லை. முன்வண்டி, பின்வண்டி டிரைவர்களை டீக்கடையில் பிடித்து உட்கார வைத்துச் சொல்லுவேன்.

பெரிய ராஜாக்களின் வீரதீரத்தில் எனக்கு ருசி இல்லை. சின்ன ஆள் செய்த சின்னத் தப்பில் உலகமே கவிழ்ந்த கதைதான் என் சரக்கு. ஆஸ்திரிய இளவரசரின் கார் டிரைவர் தப்பான தெருவில் திரும்பினான். வண்டியைப் பின்னுக்கு எடுக்க நிறுத்தினான். நின்ற இடத்தில் துப்பாக்கியோடு ஒருவன் இருந்தான், சுட்டான். அதிலிருந்து முதல் உலகப் போர் கிளம்பியது. ஆயிரம் வருஷம் தாக்குப்பிடித்த கான்ஸ்டான்டிநோபிள் மதிலில் ஒரு சின்னக் கதவைத் தாழிட எவனோ மறந்துவிட்டான், அதில் ஊரே விழுந்தது என்று ஒரு கதை உண்டு. அது நிஜமோ பொய்யோ, நான் சொல்லும்போது நிஜமாகிவிடும். “பார்த்தியா, ராஜா கையில ஒண்ணுமே இல்ல. எல்லாம் டிரைவர் கையிலதான் கீது” என்று முடிப்பேன்.

வழக்கமாக எனக்குப் பின்னால் வண்டி போடுகிறவர் தண்டையார்பேட்டை பாய் ஒருவர். “ஒனக்கு இன்னா மாமு, எவன் குடி கெட்டாலும் கதை” என்பார். சிரிப்போம். அந்தக் கார் டிரைவரின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

வரிசைக்கென்று ஒரு சட்டம் உண்டு. எந்தப் பலகையிலும் எழுதியிருக்காது, ஆனால் எல்லாருக்கும் தெரியும். சாப்பிடவோ ஒதுங்கவோ இறங்கினால், சாவியைப் பின்வண்டிக்காரரிடம் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். வரிசை நகர்ந்தால் அவர் முதலில் நம் வண்டியை நகர்த்திவிட்டு, திரும்ப ஓடி வந்து தன் வண்டியை எடுப்பார். அவர் இறங்கினால் நாமும் அப்படியே. சாவியை எடுத்துக்கொண்டு போன ஒருவனை, அவன் திரும்பி வந்ததும் எல்லாரும் சேர்ந்து அடித்ததைப் பார்த்திருக்கிறேன். நானும் நின்று நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருக்கிறேன்.

என் மனைவிக்கு அப்போது எட்டாம் மாதம். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்துத் தங்கிய கரு. எர்ணாவூரில் குடியிருந்தோம். பிரசவத்துக்கு ராயபுரத்து ஆஸ்பத்திரியில் பதிந்து வைத்திருந்தோம். அன்று மத்தியானம் நான் திருவொற்றியூர் குப்பத்தருகே கடலோர ரோட்டில் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அக்காவிடமிருந்து போன் வந்தது.

“ஒம் பொண்டாட்டிக்கு ரத்தமா போவுதுப்பா. ஆட்டோல ஏத்திட்டேன். பீச் ரோட்டாண்ட வந்துகினு கீறோம்.”

அந்த ஆட்டோ நான் நிற்கிற இடத்தைத் தாண்டித்தான் ராயபுரம் போக வேண்டும். இரண்டு வரிசை டிரெய்லர்களுக்கு ஓரமாக ஓர் ஆட்டோ நுழைகிற அளவுக்கு வழியும் இருந்தது. பேசாமல் உட்கார்ந்திருந்தால் அவளே என்னிடம் வந்து சேர்ந்திருப்பாள். இதெல்லாம் இப்போது எழுதும்போது தெளிவாக வருகிறது. அப்போது புத்தியில் இருந்தது ஒன்றுதான், அவள் வடக்கே இருக்கிறாள். என்ஜினை அணைத்தேன், குதித்தேன், வடக்கே ஓடினேன். பாய் பின்னாலிருந்து என்னவோ கத்தினார். காதில் ஏறவில்லை.

இரண்டு கிலோமீட்டர் இருக்கும். நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தபோது ஆட்டோவைக் கண்டேன். அவள் அக்காவின் மடியில் சாய்ந்து கிடந்தாள். சேலை இடுப்புக்குக் கீழே நனைந்திருந்தது. ஏறி அவள் தலையைப் பிடித்துக்கொண்டேன். “வந்துட்டியா” என்றாள். அந்தக் குரலில் இருந்த நிம்மதியை என்னால் இன்னும் தாங்க முடியவில்லை.

ஆட்டோ கொஞ்ச தூரம் போயிற்று. பிறகு நின்றது. நின்றது நின்றதுதான். முன்னால் ஆட்டோக்கள், பைக்குகள், மீன்வண்டி எல்லாம் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. ஆட்டோக்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. இறங்கி ஒவ்வொருவரிடமும் கும்பிட்டேன். அவர்கள் என்ன செய்வார்கள் பாவம், அவர்களுக்கும் முன்னால் அடைப்பு. தூக்கிக்கொண்டு நடக்கட்டுமா என்று அக்காவைக் கேட்டேன். “அசைக்காத, இன்னும் போவுது” என்றாள். வழியை மறித்தவன் எவனோ அவன் வம்சம் விளங்காமல் போகட்டும் என்று வாய்விட்டுச் சபித்தேன். அக்கா “ஆமா, ஆமா” என்றாள்.

அப்போது பாய் போனில் கூப்பிட்டார்.

“மாமு, சாவி எங்க?”

எனக்குப் புரியவில்லை.

“லைன் நவுந்து எவ்ளோ நேரமாச்சு. ஒன் வண்டி மட்டும் நிக்குது. பின்னாடி ஒருத்தன் பேஜாராயி, ஓரமா பூந்து தாண்டப் பாத்தான். குறுக்கால மாட்டிகினான். இப்ப ஒரு பைக் கூட போவ முடியல. சாவி எங்க மாமு?”

சட்டைப் பையில் கையை விட்டேன். இருந்தது.

உலகத்தில் எந்த மனிதனுக்கும் அந்த நிமிஷம் வரக் கூடாது. அவளிடம் என்னவென்று சொல்வது? “நா போயி வழி பண்ணிட்டு வந்துடறேன்” என்றேன். அவள் என் சட்டையைப் பிடித்து, “போவாதய்யா” என்றாள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு ஓடினேன்.

வந்த தூரத்தில் பெரும்பகுதியைத் திரும்ப ஓடினேன். பாய் சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். என் வண்டியை முன்னால் எடுத்தார். குறுக்கே மாட்டியவன் முன்னும் பின்னும் நகர்த்தி நகர்த்தி நேராக்கினான். நாற்பது அடி கன்டெய்னர், சொன்னவுடன் திரும்புமா? நடுரோட்டில் நின்று கை வீசி, தொண்டை கிழியக் கத்தி, ஒவ்வொரு வண்டியாக ஒதுக்கினேன். அவளுடைய ஆட்டோ என்னைக் கடந்தபோது ஓடியே ஏறிக்கொண்டேன். நான் ரோட்டில் கத்திக்கொண்டிருந்ததை அவள் பார்த்திருக்கிறாள்.

பெண் குழந்தை. அழவில்லை.

“எத்தனை மணிக்கு வீட்ல இருந்து கிளம்புனீங்க?” என்று டாக்டரம்மா கேட்டார். அக்கா சொன்னாள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். என் மனைவி பிழைத்ததே பெரிது என்று நர்ஸ் சொன்னார்.

பாய் யாரிடமும் வாய் திறக்கவில்லை. ஒரே ஒரு தடவை, டீ கிளாஸைக் கையில் கொடுத்துவிட்டு, “அல்லா எழுதினது மாமு, நீ எழுதினது இல்ல” என்றார். அவரை அடிக்கலாம் போலிருந்தது. பிறகு நான் கதை சொல்வதில்லை. யாரும் கேட்பதுமில்லை.

ஆனால் போனில் சரித்திரம் கேட்பதை நிறுத்த முடியவில்லை, முன்னைவிட வெறியாகக் கேட்கிறேன். டைட்டானிக் புறப்படுவதற்குக் கொஞ்சம் முன்னால் வேறு கப்பலுக்கு மாற்றப்பட்ட ஓர் அதிகாரி, கடலைக் காவல் பார்ப்பவர்களின் பைனாகுலர் இருந்த பெட்டியின் சாவியை மறந்துபோய்ப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டாராம். இதை முன்பே கேட்டிருந்தால் அன்று சாவியைப் போட்டுவிட்டு ஓடியிருப்பேனா? மாட்டேன். டீக்கடையில் இன்னொரு கதை கிடைத்திருக்கும், அவ்வளவுதான். ஆஸ்திரிய இளவரசரின் கார் டிரைவரைப் பற்றியும் போனில் தேடினேன். பின்னாளில் ஒரு விடுதி நடத்தினான் என்று எங்கோ சொன்னார்கள். அவன் வீட்டில் என்ன சொன்னான்? பெண்டாட்டி முகத்தைப் பார்த்துச் சோறு தின்றானா? எத்தனை பேர் செத்தார்கள் என்று கணக்குச் சொல்கிற சரித்திரத்துக்கு இதைச் சொல்லத் துப்பில்லை.

ஏனென்றால் என் வீட்டில் நடப்பது எந்தச் சரித்திரத்திலும் இல்லாத கொடுமை. என் மனைவி என்னைப் புகழ்கிறாள். தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நிற்கும்போதும், சொந்தக்காரர் வீட்டு விசேஷத்திலும், புதிதாகக் குடிவந்தவர்களிடமும் சொல்கிறாள். “எவனோ ஒரு பாவி வண்டிய குறுக்க வுட்டுட்டான். எங்கூட்டுக்காரரு மட்டும் ஓடிப்போயி வழி பண்ணலன்னா நானும் அன்னிக்கே போய்ச் சேந்திருப்பேன்.” கேட்கிறவர்கள் என்னை மரியாதையாகப் பார்க்கிறார்கள். நான் தலையைக் குனிந்துகொள்கிறேன். அடக்கமான மனிதர் என்கிறார்கள்.

சொல்லிவிடலாம் என்று பல தடவை வாயெடுத்தேன். சொன்னால் என் பாரம் இறங்கும், அவளுக்கு என்ன மிஞ்சும்? அந்த நாளில் அவளுக்கென்று கிடைத்த ஒரே நல்லது நான் ஓடியதுதான். இப்படி நியாயம் பேசிக்கொண்டே கோழையாக இருந்துவிட்டேன்.

இப்போது அவளுக்கு மறுபடி ஏழாம் மாதம். நேற்று தட்டில் சோறு போட்டுக்கொண்டே, “வலி எடுத்தா மொதல்ல ஒனக்குதான் போன் பண்ணுவேன். நீ எங்க இருந்தாலும் வண்டிய வுட்டுட்டு ஓடியாந்துடு. நீ வந்தா பயமில்ல” என்றாள்.

ஓடி வந்துவிடுகிறேன் என்றேன்.