விழுந்தவள் பெயர்

ரேடியோவிலும் டிவியிலும் நாற்பது வருடம் ஹாக்கி வர்ணனை செய்துவிட்டு ஊர் திரும்பியவர் அவர். மைக்கைப் பிடித்தால் இடது காதை உள்ளங்கையால் பொத்திக்கொள்வார்.

அன்று என் மகள் ஆடிய மேட்சுக்கும் அவர்தான் வர்ணனை. நான் வந்த பெங்களூரு ரயில் தாமதம். கோலார் தங்கவயலில், ஊரிகம் மைதானத்துச் சுவரை ஒட்டி ஓடிவருகையில் ஸ்பீக்கரில் அவர் குரல் கேட்டது: “தலையில் பந்து பட்டு ஒரு பெண் விழுந்துவிட்டார்.”

யாரென்று சொல்லவில்லை. கேட்டைத் தேடி ஓடினேன்.

“எழுந்துவிட்டார்” என்ற பிறகுதான் பெயரைச் சொன்னார். என் மகள்.

மேட்ச் முடிந்ததும் அவரிடம் பாய்ந்தேன். “இன்னா சார் இது? பேரை அப்பவே சொன்னா இன்னா? உயிரே போயிடுச்சு!”

“எங்கப்பா தங்கச் சுரங்கத்துல, ஷாஃப்ட்ல இறங்கி வேலை செஞ்சவரும்மா. கீழ யாருக்காவது அடிபட்டா, வீட்டுக்குத் தகவல் போறவரைக்கும் மேல யாரும் பேரைச் சொல்ல மாட்டாங்க. எனக்கும் அதே பழக்கம். எந்த ஊர் மைக்லயும் விட்டதில்ல.”

“அதுவரைக்கும் பெத்தவங்க இன்னா பண்றது?”

“நீங்க இன்னா பண்ணீங்க?”

மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். விழுந்தது வேறு யார் மகளாகவாவது இருக்கட்டும் என்றுதான் அப்போது வேண்டிக்கொண்டு ஓடினேன். அது அவருக்குத் தெரிந்திருக்குமோ?