நிலவறைக்கு மேலே ஒரு பிரசவ அறை

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த சமயம். மிஷன் ஆஸ்பத்திரியில் மருத்துவச்சி வேலை பழகியிருந்த நான், தூத்துக்குடியில் சொந்தமாக ஒரு பிரசவ அறை தொடங்க இடம் தேடி அலைந்தேன். கல்யாணமாகாத பெண்ணுக்கு யாரும் இடம் தருவதாக இல்லை. கடைசியில் கடற்கரைப் பக்கம் சங்கு வியாபாரம் செய்த ஓர் அண்ணாச்சி, தன் பழைய கட்டடத்தில் நீளமான ஓர் அறையைக் கொடுத்தார்.

அந்த அறையின் தரை இரண்டு விதம். முன்பாதி மரப்பலகை. அதற்குக் கீழே நிலவறை. அண்ணாச்சியின் சங்கு மூட்டைகள் அங்கேதான் கிடந்தன. பின்பாதி மண்மேல் போட்ட கான்கிரீட். பலகை இடுக்குகள் வழியே சங்கின் கவிச்சி மேலே வரும். மேலே ஊற்றுகிற தண்ணீர் கீழே இறங்கும். கழுவ முடியாத தரையில் பிரசவம் பார்க்க எனக்குச் சம்மதமில்லை. அறை முழுக்க ஓடு பதிப்பது என்று முடிவு செய்தேன்.

"பதிச்சுக்கிடுங்க நர்சம்மா," என்றார் அண்ணாச்சி. "ஆனா ஒரு சொட்டுத் தண்ணி என் சங்குமேல விழுந்தாலும் நீங்க வேற இடம் பாத்துக்கிடணும்."

மங்களூரிலிருந்து வந்த சிவப்புத் தரை ஓடுகளைக் கொத்தனார் ஒரு சுவரிலிருந்து மறுசுவர் வரை ஒரே விரிப்பாகப் பதித்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. நன்றாகக் காய்ந்த பிறகு நானும் என் உதவிக்கு இருந்த அக்காவும் இரும்புக் கட்டிலை உள்ளே தள்ளினோம். பலகையும் கான்கிரீட்டும் சேரும் இடத்தைக் கட்டில் தாண்டியபோது டப்பென்று ஒரு சத்தம். குனிந்து பார்த்தால், அந்தக் கோட்டின்மேல் இருந்த ஓடுகள் அத்தனையும் வரிசையாக வெடித்திருந்தன.

கொத்தனார் வந்து பார்த்துவிட்டுக் சாந்துக் கரண்டியைப் பைக்குள் போட்டார். "மரத்துமேல கல்லு நிக்காது நர்சம்மா. என்னால ஆகாது."

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. தரையில் படுத்துக் கன்னத்தை ஓட்டோடு ஒட்டி வைத்துக்கொண்டேன். "அக்கா, அங்கன இருந்து இங்கன நடந்து வாங்க," என்றேன். அவர் பலகைப் பக்கம் மிதித்தபோது தரை நூலளவு தாழ்ந்து எழுந்தது. கான்கிரீட் அசையவே இல்லை.

"கொத்தனாரே, நீங்களும் படுத்துப் பாருங்க. ஒண்ணு அசையுது, ஒண்ணு அசையல. ரெண்டையும் ஒரே ஓட்டால பிடிச்சுக் கட்டினா வெடிக்காம என்ன செய்யும்? ரெண்டு தரையா விட்டுருவோம். நடுவுல ஒரு விரல் இடைவெளி."

அவரும் படுத்துப் பார்த்தார். எழுந்து மீசையைத் துடைத்துக்கொண்டார். "அசைவு சரிதான். அத நான் குறைச்சுத் தாரேன். நிலவறையில இருந்து முட்டுக் குடுத்து, பழைய பலகைக்குக் குறுக்க இன்னொரு பலகை அடிக்கணும். அதுக்கு மேல தார் பூசின சாக்கு, கம்பிவலை, அப்புறந்தான் சாந்து. ஆனா உங்க இடைவெளியில தண்ணி இறங்குமே?"

பெரியதாழைக் கடற்கரையில் தோணிகளுக்கு நடுவே பிறந்து வளர்ந்த அக்கா சிரித்துவிட்டார். "தோணியில பலகைக்குப் பலகை இடுக்கு இல்லையா? கடலு உள்ள வந்துருதா? பஞ்சுத்திரிய இறுக்கி அடிச்சு, குங்கிலியப் பிசினையும் எண்ணெயையும் காய்ச்சி ஊத்துங்க. தரை அசைஞ்சாலும் அது வெடிக்காது."

கொத்தனார் கரண்டியை மறுபடி வெளியே எடுத்தார்.

எல்லாவற்றையும் பெயர்த்தோம். பலகைப் பக்கம் உயர்ந்துவிட்டதால் கான்கிரீட் பக்கம் சாந்தைத் தடிப்பாகப் போட்டு மட்டம் சேர்த்து, சுவரோரத்தில் வெட்டிய சாக்கடைப் பக்கம் லேசான சரிவும் விட்டார். கோட்டின் இருபுறமும் முழு ஓடுகள் விரல் இடைவெளி விட்டு நின்றன. திரியை நானும் அக்காவும் அடித்தோம். காய்ச்சிய குங்கிலியம் தெறித்து என் மணிக்கட்டில் ஒரு கொப்புளம்.

சோதித்துப் பார்க்கும் நாளில் அண்ணாச்சி தானே விளக்கோடு நிலவறைக்குள் இறங்கினார். முதலில் கட்டிலை அந்தக் கோட்டின்மேல் முன்னும் பின்னும் உருட்டினோம். சத்தமில்லை. கொத்தனார் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எம்பிக் குதித்தார். ஒன்றும் ஆகவில்லை. பிறகு நான் வாளி வாளியாகத் தண்ணீரை ஊற்றினேன். அது கோட்டைத் தாண்டி, சுவரோரத்துச் சாக்கடைக்கு நேராக ஓடியது.

"அண்ணாச்சி, சொட்டுதா?" என்று கத்தினேன்.

குனிந்து காதைத் தரையோடு வைத்தேன்.

"இன்னும் ஊத்துங்க!" என்று கீழேயிருந்து குரல் வந்தது. ஊற்றினோம். அக்கா குடிதண்ணீர்க் குடத்தையும் கவிழ்த்துவிட்டார்.

"சொட்டல நர்சம்மா! ஒரு பொட்டுக்கூட இல்ல! மூட்டையெல்லாம் காஞ்சு கெடக்கு!"

அக்கா என்னைக் கட்டிக்கொண்டார். நனைந்த சேலையோடு இருவரும் அந்தத் தரையில் வழுக்கி உட்கார்ந்தோம். எழுந்திருக்க முடியாத அளவு சிரிப்பு. கொத்தனார் வாசலுக்குப் போய், தெருவில் போனவர்களையெல்லாம் கூப்பிட்டு, "மரத்துமேல கல்லு நிக்குது, வந்து பாருங்கலே!" என்று காட்டத் தொடங்கிவிட்டார்.

அந்த வாரமே சங்கு குளிக்கிறவர் ஒருவரின் மனைவி வலியோடு வந்தாள். விடியும்போது பெண் குழந்தை பிறந்தது. அது போட்ட சத்தத்தில் அண்ணாச்சி வாயிலிருந்த வெற்றிலையை மெல்லவும் மறந்து வாசலில் நின்றார். தாயையும் பிள்ளையையும் துடைத்துப் படுக்கவைத்த பிறகு, லைசால் என்ற கிருமிநாசினி கலந்த தண்ணீரை நானே எடுத்து அறை முழுக்க வீசிக் கழுவினேன்.