சுத்தமாக வந்த கத்தி

சலவைக் கடையில் அவளுக்குக் கறைக்கார அக்கா என்று பெயர். சட்டையை வெளிச்சத்தில் ஒரு தரம் தூக்கிப் பார்த்தால் போதும், இது மை, இது கிரீஸ், இது குழந்தை கக்கின பால் என்று சொல்லிவிடுவாள். வாடிக்கையாளர் ஆயிரம் பொய் சொல்லலாம், துணிக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பது அவள் கட்சி. வாய் கொஞ்சம் நீளம்தான், யார் இல்லை என்றார்கள்?

புருஷனுக்கு வீடு மாற்றித் தரும் கம்பெனியில் வேலை. ஒரு வீட்டுச் சாமான்களைக் கட்டி லாரியில் ஏற்றி இன்னொரு வீட்டில் இறக்க வேண்டும். ஆள் வாட்டசாட்டமாக இருப்பான். ஆனால் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும். அப்படிப்பட்டவன் பேசுவது ஒரே ஒரு நேரத்தில்தான். சாயங்காலம் தன் மடக்குக் கத்தியை அவள் கையில் கொடுத்துவிட்டுச் சமையலறை முக்காலியில் உட்காருவானே, அப்போது.

அந்தக் கத்தி படும் பாடு சொல்லி மாளாது. டேப் கிழிப்பது, கயிறு அறுப்பது, அவசரத்துக்கு ஸ்க்ரூ திருகுவது எல்லாமே அதுதான். அலகு முழுக்கப் பசை அப்பிக் கறுத்திருக்கும். மடிகிற பள்ளத்துக்குள் நூலும் தெர்மாகோலும் அடைத்துக்கொண்டு, திறப்பதற்குள் நகம் பெயர்ந்துவிடும். அவள் பசைமேல் தேங்காய் எண்ணெய் தடவி ஊறவிடுவாள். பிறகு சோப்புத் தண்ணீரில் பழைய பல் பிரஷால் தேய்ப்பாள். பள்ளத்துக்குள் இருப்பதைக் குச்சியால் நோண்டி எடுப்பாள். ஈரம் போகத் துடைத்துக் கீலில் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விடுவாள். நோண்டும்போதே கேள்வியும் வரும்.

"என்னங்க இது, பச்சை நூலு? கார்ப்பெட்டா?"

"அத ஏன் கேக்குற! மூணு மாடி, லிஃப்ட் இல்ல. அந்த வீட்டு மாமியார் தலகாணியக்கூட எண்ணித்தான் ஏத்தவிட்டாங்க."

அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். வீட்டு டிவி பழுதாகி மாசக்கணக்காகிறது. அதைச் சரிசெய்ய அவள் யாரையும் கூப்பிடவே இல்லை. அந்தப் பேச்சு போதும் அவளுக்கு.

ஒரு வியாழக்கிழமை கத்தி சுத்தமாக வந்தது. ஏனோதானோவென்று துடைத்ததல்ல. பள்ளத்தில் தூசி இல்லை, கீலில் எண்ணெய் மினுங்கியது, விரல் பட்டதுமே திறந்துகொண்டது. முகர்ந்து பார்த்தாள். வாசனைச் சோப்பு!

"யாரு தேச்சது?"

"ஆபீஸ்ல."

"ஆபீஸ்ல யாரு?"

"பேக்கிங்குக்குப் புதுசா ஒருத்தங்க வந்திருக்காங்க" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போய்விட்டான்.

அவளுக்கு வயிறு எரிந்தது. மறுநாளும் கத்தி சுத்தம், அதற்கு மறுநாளும் சுத்தம். சாப்பிட்டான், படுத்தான். முக்காலி சும்மா கிடந்தது. கடையில் ஒரு சட்டைக் காலரைத் தீய்த்துவிட்டாள். அவள் கைக்கு அப்படி நேர்ந்ததே இல்லை. மனசுக்குள் அந்தப் புதுசுக்குக் கண்ணில் மை தீட்டி, ஒரு நடையும் கொடுத்து, கலகலவென்று சிரிக்கவும் வைத்துவிட்டாள். தங்கையிடம் போனில் சொன்னால், "கத்தியத்தானேக்கா தேச்சா, விடு" என்கிறாள்.

"உனக்கென்னடி தெரியும்!" என்று போனை வைத்தாள்.

திங்கட்கிழமை காலை அவன் பையிலிருந்து சாப்பாட்டு டப்பாவை எடுத்து ஒளித்து வைத்தாள். மத்தியானம் அதையே சாக்காகத் தூக்கிக்கொண்டு கம்பெனிக்குப் போனாள். கொட்டகைக்குள் அட்டைப்பெட்டிகள் கூரைவரை அடுக்கியிருந்தன. அவற்றுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. அவன் குரல்தான்.

"பீரோ படிக்கட்டுத் திருப்பத்துல மாட்டிக்கிச்சுக்கா. மேலயும் போகல, கீழயும் வரல. வீட்டுக்காரரு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு, அவசரமா பாத்ரூம் போகணும்ங்கிறாரு..."

கையை ஆட்டி, அந்த வீட்டுக்காரர் மாதிரியே காலைப் பின்னிக்கொண்டு நின்று காட்டினான். எதிரே உட்கார்ந்திருந்தவளுக்குத் தலை முழுக்க நரை. முன்பல் ஒன்று இல்லை. மடியில் பழைய துண்டு, துண்டின்மேல் அவன் கத்தி.

அப்பாடா என்று இருந்திருக்க வேண்டும். இல்லையே! சிறுசாக இருந்தால் குடுமியைப் பிடித்து ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம். இவளோடு எதற்கென்று சண்டை போடுவது? அந்த பீரோவும் படிக்கட்டும் தன் சமையலறைக்கு வந்திருக்க வேண்டியவை. அதுதான் தாங்கவில்லை. பெட்டிகளைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தாள். அவன் பேச்சு சட்டென்று நின்றது.

"யாரு தம்பி, உன் வீட்டுக்காரியா?" என்றாள் கிழவி. "வாம்மா, உக்காரு. இவன வச்சுக்கிட்டு நீ எப்படித்தான் சமாளிக்கிறியோ! வாய் ஓயவே மாட்டேங்குது."

பளாரென்று அறைந்தது போலிருந்தது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

"அத ஏன் கேக்குறீங்க, வீட்லயும் இதே கததான்" என்று சிரித்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"குடுங்க, நான் தேய்க்கிறேன்" என்று டப்பாவை அவனிடம் நீட்டிவிட்டு, கிழவியிடமிருந்து கத்தியை வாங்கிக்கொண்டு ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தாள். நல்லவேளை, பசை இன்னும் பாதி இருந்தது. கத்தி தன் கைக்கு வந்துவிட்டால் பேச்சும் கூடவே வந்துவிடும் என்று அவளுக்கு அத்தனை நம்பிக்கை. வேண்டுமென்றே மெதுவாகத் தேய்த்தாள்.

"அப்புறம் அந்த பீரோ என்னாச்சுங்க?"

அவன் டப்பாவைத் திறந்து பார்த்தான். பிறகு மூடினான்.

"எறக்கிட்டோம்" என்றான்.