உப்பால் துருவேற்றிய பதினோரு வேகன்கள்

நாற்பது வயதுக்கு மேல் எனக்குப் பிடித்த பைத்தியம் குட்டி ரயில். அதிலும் இன்ஜின் இல்லை, பயணிகள் பெட்டி இல்லை, சரக்கு வேகன்தான். அமெரிக்காவில் ஓடும் வேகன்களின் சிறு மாதிரிகளை வரவழைத்து, அறுத்து, தேய்த்து, ஒட்டி, நம் பாதையில் சிமெண்டும் அரிசியும் ஏற்றிப் போகும் மூடிய வேகன்களாக மாற்றுவேன். ஒவ்வொன்றும் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும்.

எனக்குச் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி இருக்கிறது. வேகனுக்கு வேண்டிய பாதிப் பொருள் அங்கேயே கிடைத்தது. துணியில் விலைச்சீட்டு மாட்டும் நைலான் டேக் பின்னை வளைத்தால் கைப்பிடிக் கம்பி. நிட்டிங் மெஷினில் உடைந்து விழுந்த ஊசி, கதவின் தாழ்ப்பாள். பிரேக் குழாய்க்கு லைக்ரா நூலில் கறுப்புப் பெயிண்ட் தடவினால் போதும். வேகன் நம்பரை, பனியனின் கழுத்து லேபிள் அடிப்பவரிடமே சின்ன எழுத்தில் அடித்து வாங்கினேன். அமெரிக்க வேகனின் கதவு பக்கவாட்டில் நகரும், நம்முடையது இரண்டாகத் திறக்கும். ஆகவே கதவை மட்டும் முழுதாக வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாகச் செய்யவேண்டும். அது எனக்கு நன்றாக வந்தது. பெயிண்ட் அடித்ததும் எல்லாம் கெட்டுவிடும். பிளாட்பாரத்தில் விற்கும் பொம்மை மாதிரி ஆகிவிடும்.

எங்கள் துணிக்குச் சாயம் போடும் டையிங் பட்டறையில், நிறம் கலந்து பார்க்கும் லேப்பில் ஒருவர் இருந்தார். ஆர்டர் தரும் பையர் அனுப்பும் துண்டுத் துணியைப் பார்த்து அதே நிறத்தைக் கலந்து எடுப்பது அவர் வேலை. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், கிறிஸ்தவர், என்னைவிட நாலைந்து வயது இளையவர். ஊரை ஒட்டிய மண்ணரையில் வாடகை வீட்டில் குடும்பத்தோடு இருந்தார். ஒரு செங்கல் நிறத் துணிக்காக நான் போயிருந்தபோது, காரில் கிடந்த வேகன் ஒன்றை எடுத்து வந்து காட்டினேன்.

"ஏனுங்க, இதுக்குத் துரு கலர் ஒண்ணு கலந்து குடுப்பீங்களா?"

அவர் அதை நிறம் ஒத்துப்பார்க்கும் லைட் பாக்ஸுக்குள் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"துரு ஒரே கலர் இல்ல சார். கதவுக் கீல்கிட்ட ஒண்ணு, அடியில ஒண்ணு. மழைத்தண்ணி வடியுற எடத்துல வேற மாதிரி இருக்கும். ஊர்ல எங்க வீட்டுக்குப் பின்னாடிதான் உப்பு ஏத்துற வேகன் வந்து நிக்கும். தெனம் பாத்திருக்கேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டுக்கு வந்தார். மாடியில் என் மேஜை முன் உட்கார்ந்து, வேகன் முழுக்கத் துரு நிறத்தை அடித்துக் காயவைத்தார். பிறகு தூரிகையால் தண்ணீர் தொட்டு ஈரமாக்கி, பட்டறையிலிருந்து கொண்டுவந்திருந்த சாய உப்பை விரல் நுனியால் அங்கங்கே தூவினார். அது ஒட்டிக் காய்ந்ததும் மேலே வேகனின் செம்பழுப்பு. கடைசியில் பழைய பல் துலக்கும் பிரஷால் மெதுவாகத் தேய்த்தார். உப்பு உதிர்ந்த இடங்களில் எல்லாம் பெயிண்ட் பெயர்ந்து, அடியிலிருந்து துரு எட்டிப் பார்த்தது. முப்பது வருடம் வெயிலில் கிடந்த வேகன் என் உள்ளங்கையில் இருந்தது.

அன்றிலிருந்து இரண்டு வருடம், அநேகமாக ஒவ்வொரு ஞாயிறும் வந்தார். சர்ச்சுக்குப் போய்விட்டு, சாப்பிட்டுவிட்டு, மூன்று மணிக்குக் கேட்டுக்கு வெளியே சைக்கிளை நிறுத்துவார். உள்ளே நிறுத்துங்கள் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. மூன்றரைக்கு என் மனைவி டீ கொண்டுவருவாள். எனக்கு எவர்சில்வர் டம்ளர், அவருக்குப் பேப்பர் கப். அவருக்காகவே கடையிலிருந்து ஒரு கட்டுக் கப் வாங்கி வைத்திருந்தாள். நான் பார்த்தேன், அவரும் பார்த்தார். குடித்து முடித்ததும் கப்பைத் துடைத்து, அதிலேயே பெயிண்ட் கலப்பார். தேவைக்காகத்தான் கேட்டு வாங்கிக்கொண்டவர் போல அவ்வளவு இயல்பாகச் செய்வார். எங்கள் பக்கத்தில் வாங்க, போங்க என்று ஒரு எழுத்து மரியாதை குறையாமல் ஒரு மனுசனை வாசலுக்கு வெளியிலேயே வைத்திருக்க முடியும். அதில் எனக்குப் பயிற்சி தேவைப்படவில்லை.

பதினோரு வேகன் முடித்தோம். உடலை நான் செய்தேன், உயிர் அவர் கொடுத்தது. சிமெண்ட் ஏற்றிய வேகனில் கதவிடுக்கில் வழிந்திருக்கும் வெளிர்சாம்பல் கோடு, கரியால் யாரோ எழுதிப் பாதி அழிந்த எழுத்து, சக்கரத்தின் பக்கத்தில் எண்ணெயோடு சேர்ந்த புழுதி எல்லாம் அவர் கை.

கோயமுத்தூரில் ஒரு பள்ளிக்கூட அரங்கில் குட்டி ரயில்காரர்கள் வருடம் ஒருமுறை கூடுவார்கள். அந்த வருடம் நானும் வேகன்களை வைப்பதென்று முடிவு செய்தேன். "நீங்களும் வாங்க" என்று அவரைக் கூப்பிட்டேன். அவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, தலைக்கு எண்ணெய் வைத்து வாரிக்கொண்டு வந்தார். கம்பெனி அட்டைப் பெட்டிகளில் பழைய பனியன் துணியைச் சுற்றி வேகன்களை அடுக்கி, வழி முழுக்க மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

மேஜையில் தண்டவாளத்தைப் போட்டு நிறுத்தியதும் கூட்டம் சேர்ந்துவிட்டது. மற்ற மேஜைகளில் எல்லாம் பளபளப்பான இன்ஜின்கள். எங்கள் வேகன்கள் மட்டும் அழுக்காக, நிஜமாக நின்றன. ரயில்வேயில் வேகன் பரிசோதகராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் கண்ணாடியைக் கழற்றி, மூக்கு படும்படி குனிந்து பார்த்தார். அவருக்கு அங்கே எல்லாரும் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள்.

"இந்தக் கதவுக்குக் கீழ வடிஞ்சிருக்குதே, இத அப்படியே யார்டுல பாத்திருக்கறனுங்க. யாரு பண்ணினது?"

"நானுங்க" என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. வாயிலிருந்து தானாக வந்தது. வந்த பிறகு திருத்திக்கொள்ள ஒரு நிமிடம் இருந்தது. நான் திருத்தவில்லை.

பெரியவர் எனக்குப் பின்னால் காலிப் பெட்டிகளோடு நின்றவரைப் பார்த்தார். "இவருங்க?"

"நம்மளுக்குச் சாயம் போடற பட்டறையில இருக்கறாருங்க. பொட்டி தூக்கறதுக்கு ஆள் வேணுமேன்னு கூட்டிட்டு வந்தனுங்க."

பெரியவர் தலையாட்டிவிட்டு மறுபடி வேகனுக்குத் திரும்பினார். "பெயிண்ட் இப்படிப் பேந்து வர்றதுக்கு என்ன பண்ணினீங்க?"

இரண்டு வருடம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஆனாலும் அந்தக் கணத்தில் எதை முதலில், எதைப் பிறகு என்று எனக்கு நாக்கு புரளவில்லை. சுற்றி ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். அப்போது பின்னாலிருந்து அவர் குரல் வந்தது.

"சார் உப்பு போட்டுச் செஞ்சாங்க. மொதல்ல துரு கலர அடிச்சுக் காயவெச்சு, ஈரமாக்கி, அதுமேல உப்பு. பெறவுதான் மேல் பெயிண்ட். நான் பக்கத்துல இருந்து பாத்தேன்."

பெரியவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். யாரோ படம் எடுத்தார்கள். சாயங்காலம் எனக்கு ஒரு சால்வை போர்த்தினார்கள்.

திரும்பும்போது அவர் பின்சீட்டில் பெட்டிகளோடு உட்கார்ந்தார். அவிநாசி வந்ததும், "அந்த வேகன்கள ஒரு வாரம் தாங்க சார். கதவுப் பக்கம் ஒரு தப்பு இருக்கு. சரி பண்ணித் தாரேன்" என்றார். குரலில் கோபம் ஒன்றும் இல்லை. மண்ணரையில் அவரை இறக்கிவிட்டபோது பதினொன்றையும் கொடுத்தனுப்பினேன். கோபித்துக்கொள்ளவில்லை என்று நிம்மதியாகக்கூட இருந்தது.

பத்தாம் நாள் காலையில் பெட்டிகள் என் கம்பெனி வாட்ச்மேனிடம் வந்திருந்தன. மேஜைமேல் வைத்துத் திறந்தேன்.

பதினோரு வேகனும் வெறும் பிளாஸ்டிக். துரு இல்லை, சிமெண்ட் கோடு இல்லை, ஒரு துளி பெயிண்ட் இல்லை. பட்டறையில் கரைப்பான்களுக்குக் குறைவில்லை. பிளாஸ்டிக் உருகாமல் பெயிண்ட்டை மட்டும் எடுப்பது எதுவென்று அவருக்குத் தெரியாதா? கோபத்தில் செய்த வேலையாகவும் அது இல்லை. நான் செய்த கதவு, ஏணி, தாழ்ப்பாள் ஒன்றுகூட உடையவில்லை. ரிவெட் புள்ளிகளின் இடுக்குவரை தூரிகை போட்டுச் சுத்தம் செய்திருந்தார். என்னுடையதை எல்லாம் என்னிடம் ஒப்படைத்துவிட்டு, தன்னுடையதை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருந்தார்.

அவமானம் என்று மனசுக்குத் தெரிந்தது. ஆனால் நான் அதற்கு வைத்துக்கொண்ட பெயர் துரோகம். பேப்பர் கப்பில் டீ கொடுத்து மாடியில் உட்காரவைத்தவன் நான் என்கிற திமிர் உள்ளே ஏறி நின்றது.

அடுத்த வாரம் பட்டறை உரிமையாளர் வழக்கம்போல் போனில் கேட்டார். "துணி லாட் வந்துருச்சுங்களா? கலர் எப்படி இருக்குதுங்க?"

துணி என் முன்னால்தான் இருந்தது. பையர் அனுப்பிய துண்டோடு அச்சாகப் பொருந்தியிருந்தது.

"பரவாயில்லீங்க. ஆனா முந்தி மாதிரி இல்லீங்க. லேப்புல கவனம் கொறைஞ்சு போச்சாட்ட இருக்குதுங்க" என்றேன்.

அந்த மாதமே இன்னொரு லாட்டுக்கும் அதையே சொன்னேன். மூன்றாவது முறை, "வேற பட்டறை பாக்கலாம்னு இருக்கறனுங்க" என்றேன். அவ்வளவுதான். அவரைத் திட்டவில்லை, அவர் பெயரைக்கூட எடுக்கவில்லை. மூன்று முறை போனில் ரொம்ப மரியாதையாகப் பேசினேன். தீபாவளி வருவதற்குள் அவர் லேப்பில் இல்லை. புது ஆள் போட்டிருப்பதாக உரிமையாளரே சொன்னார். "உங்களுக்காகத்தானுங்க மாத்தினேன்" என்றார்.

வேகன்களுக்கு நானே துருவேற்றிப் பார்த்தேன். அதே உப்பு, அதே பெயிண்ட், அதே வரிசை. சொறி பிடித்த நாய் மாதிரி வந்தது. நாலு வேகனைக் கெடுத்த பிறகு நிறுத்தினேன். அடுத்த வருடக் கூட்டத்துக்குக் கோயமுத்தூரிலிருந்து கூப்பிட்டார்கள். பெரியவர் என் வேகன்களைத் தனியாகக் கேட்டாராம். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் அவரைத் தேடிப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. மன்னிப்புக்கும் போனேன், வேகன்களுக்குத் துருவேற்ற ஆள் தேடியும் போனேன். மண்ணரை வீட்டில் வேறு குடும்பம் இருந்தது. பக்கத்து வீட்டம்மா, "அவியெல்லாம் சாமளாபுரம் போயிட்டாங்க. லேப்புல எங்க கேட்டாலும் சேத்துக்கலீங்களாமா. அவரு வூட்டுக்காரம்மா அழுதுட்டுத்தான் போச்சுங்க. புள்ளைய பள்ளிக்கூடத்துல பாதில நிறுத்திட்டுப் போனாங்க" என்றார்.

சாமளாபுரத்தில் ஒரு தறிக்கூடத்தில் கண்டுபிடித்தேன். பாவு நூல் உருளைகளை வண்டியிலிருந்து இறக்கி உள்ளே உருட்டிக்கொண்டிருந்தார். சட்டையெல்லாம் பஞ்சு. காதில் அடைப்பு வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். உள்ளே தறிச் சத்தத்தில் நான் கொஞ்சம் கத்தித்தான் பேசவேண்டியிருந்தது.

"நான் பண்ணினது தப்புங்க" என்றேன். கோயமுத்தூரைச் சொன்னேன். போனில் பேசியதையும் சொன்னேன். அது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். சொன்னால் எனக்குப் பாரம் குறையும் என்று நினைத்தேன். அவர் முகத்தில் எதுவோ ஒன்று வந்து, அப்படியே அடங்கியது. அதைப் பார்த்தபோதுதான், அவருக்கு நிஜமாகவே தெரியாது என்பதும், எதனால் வேலை போனது என்று இத்தனை நாளும் நிறம் பார்க்கும் தன் கண்ணையே சந்தேகப்பட்டிருக்கிறார் என்பதும் எனக்கு உறைத்தது.

"திரும்ப லேப் வேலைக்கு நான் சொல்றனுங்க. ஞாயித்துக்கெழம வூட்டுக்கும் வாங்க" என்றேன்.

அவர் என்னைத் தாண்டி ரோட்டைப் பார்த்தார்.

"கேட்டுக்குக் குறுக்கால நிக்குறது ஒங்க காருதான சார்? நூல் லாரி வருது. எடுத்துருங்க."

நான் காரை எடுத்தேன். லாரி உள்ளே திரும்பியது. அவர் காதில் அடைப்பை வைத்துக்கொண்டு, லாரியின் பின்கதவைத் திறக்கப் போனார்.