கழுவின காசு

அப்பாவிடம் யாராவது அவசரமாக எதையாவது கேட்கப் போனால், அவர் கண்ணில் லென்ஸும் கையில் ஒரு பழைய காசும் இருக்கும். அது எங்கள் தலையெழுத்து. அரிசி தீர்ந்துவிட்டது என்று அம்மா சொல்லும்போது அவர் ஜார்ஜ் மன்னரின் புருவத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். பள்ளிக்கூடத்துச் சப்பாத்து கிழிந்துவிட்டது என்று நான் போய் நின்றால், விக்டோரியா ராணியின் கூந்தலில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று எனக்கும் காட்டுவார்.

அப்பா வேலை பார்த்த ரப்பர் தோட்டத்தை முதலாளிகள் துண்டு போட்டு விற்ற பிறகு நாங்கள் ஈப்போவுக்கு வந்திருந்தோம். அப்பாவுக்கு ஓர் இரும்புச் சாமான் கடையில் ஸ்டோர் வேலை. ஞாயிற்றுக்கிழமை பசாருக்கு மீன் வாங்கப் போகிறவர், பழைய சாமான் விற்கிறவர்களிடம் உட்கார்ந்துவிட்டு, மீன் நாறத் தொடங்கிய பிறகு வீடு வருவார். காசை விளிம்பில்தான் பிடிக்க வேண்டுமாம். முகத்தில் விரல் பட்டால் வேர்வை ஏறுமாம். புருவமும் காதும் கிரீடமும்தான் முதலில் தேயுமாம், அங்கே பார்த்தால் காசு எவ்வளவு புழங்கியது என்று தெரிந்துவிடுமாம். எல்லாவற்றையும்விடப் பெரிய பாவம் காசைத் தேய்த்துக் கழுவுவது. "மனுசங்க மூஞ்சிய ஒரு நாளு இப்படிப் பார்த்திருப்பாரா?" என்று அம்மா அடுப்பிடம் கேட்பாள்.

அக்கா ஐந்தாம் படிவத்தோடு பள்ளிப் படிப்பை முடித்திருந்தாள். தாதிப் பயிற்சிக்குப் போக வேண்டும் என்று அவளுக்கு ஆசை. கல்யாணத்தைப் பண்ணிக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போகட்டும் என்று அம்மா முடிவு கட்டிவிட்டாள். காம்பாரிலிருந்து ஓர் இடம் வந்தது. பையனுக்கு ஈயச் சுரங்கத்து ஆபீசில் வேலை, அவனுடைய அப்பாவுக்குச் சொந்தமாக மளிகைக் கடை. அம்மா இரண்டு வாரம் தரையில் நடக்கவில்லை. அவர்கள் வருவதற்கு முதல் நாள் சாயங்காலம் அக்கா அப்பாவின் மேசையருகே உட்கார்ந்து மெல்லிய குரலில் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். பெண் பார்க்க வருகிற நேரத்திலும் காசுக் கதையா என்று எனக்கே எரிச்சலாக இருந்தது.

மறுநாள் காலையில் அம்மா முதல் காரியமாக லென்ஸைப் பிடுங்கி அரிசி டின்னுக்குள் புதைத்தாள்.

என்ன பிரயோசனம்? பையனின் அப்பா வந்து உட்கார்ந்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு பெரிய வெள்ளி நாணயத்தை எடுத்தார்.

"உங்களுக்குக் காசுன்னா உயிருன்னு கேள்விப்பட்டேண்ணே. எங்கப்பா வெச்சிருந்தது. தட்டுல வெச்சிக் கொடுக்கலாம்னு எடுத்தாந்தேன்."

அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. அப்பா காசை விளிம்பில் வாங்கிக்கொண்டு அவளைப் பார்த்தார். பாவம், அவளே சமையலறைக்குப் போய் அரிசியைத் துழாவி லென்ஸைக் கொண்டுவந்து கொடுக்க வேண்டியதாயிற்று.

அப்பா லென்ஸில் ஒட்டியிருந்த தவிட்டை ஊதினார். காசைச் சாய்த்தார், திருப்பினார், மறுபடி சாய்த்தார். திரைச்சீலைக்குப் பக்கத்தில் அக்கா காப்பித் தட்டோடு நின்றாள். பையன் தன் கைக்கடிகாரத்தைத் துடைத்தான். காப்பி ஆறிக்கொண்டிருந்தது.

"கழுவின காசுண்ணே. இப்பதான் யாரோ நல்லாத் தேய்ச்சிருக்காங்க," என்றார் அப்பா.

பையனின் அம்மா கூச்சத்தோடு சிரித்தார். தான்தான் புளி போட்டுத் தேய்த்ததாகவும், நல்ல காரியத்துக்கு அழுக்கோடு எப்படிக் கொடுப்பது என்று நினைத்ததாகவும் சொன்னார். அம்மாவும் அவசரமாகச் சேர்ந்து சிரித்தாள். அதோடு விட்டிருக்கலாம். அப்பா விடவில்லை. கோடு கோடாக விழுந்த கீறல்களை அந்த அம்மாளிடமே காட்டினார். மன்னரின் முகத்தில் இருந்த இயற்கையான பளபளப்பு செத்துவிட்டது, இனி இது வெறும் வெள்ளித் துண்டு என்றார்.

"சரி விடுங்கலா அண்ணே, காசுதானே," என்றார் பையனின் அப்பா.

"காசுதானேன்னு சொல்ற வீட்டுல எந்தப் பொருளு நல்லா இருக்கும்?"

பசாரில் ஒன்றுக்கும் ஆகாத காசை நீட்டுகிறவனிடம்கூட "நல்லா இருக்கு, அடுத்த தடவ பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு வருகிற மனுசன் அவர். அன்றைக்கு என்ன பிடித்ததோ தெரியவில்லை. பையனின் அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார். காசு மறுபடி பைக்குள் போயிற்று. ஒருவரும் காப்பியைத் தொடவில்லை.

கார் தெருவைத் தாண்டியதும் அம்மா, "ஒரு காசுக்காக ஒரு மாப்பிள்ளையத் தொலைச்சிட்டீங்களே," என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டாள். எனக்கும் தாங்கவில்லை. கல்யாணத்துக்குத் தைக்க வேண்டிய பாவாடையின் நிறம்வரை நான் யோசித்து வைத்திருந்தேன்.

அன்று இரவு அக்காதான் சமைத்தாள். குழம்பிலிருந்த மீனின் நடுத்துண்டை எடுத்து அப்பாவின் தட்டில் வைத்தாள். போதும் என்றார். இன்னொன்றையும் வைத்தாள். அவர் தலை நிமிராமல் சாப்பிட்டார்.

பின்கட்டில் அவள் காப்பிக் கோப்பைகளைக் கழுவும்போது, "உனக்குக் கோவமே வரலயாக்கா?" என்று கேட்டேன்.

"வேற எதச் சொல்லி அவங்களத் திருப்பி அனுப்புவாரு, பாவம்," என்றாள்.

நான் பலமாகத் தலையாட்டினேன். காசை விட்டால் அப்பாவுக்கு வேறு பேச்சே தெரியாது என்று அக்காவும் நொந்துகொள்கிறாள் என்றுதான் எடுத்துக்கொண்டேன். மறு வருடம் அவள் தாதிப் பயிற்சிக்குப் பினாங்கு போனாள். பஸ் கிளம்பும்வரை ஜன்னலோரம் நின்று அப்பா கையசைத்தார். மாப்பிள்ளை அமையாததால்தானே இவள் இப்படித் தனியாகப் போக வேண்டியிருக்கிறது என்று, அவளுக்காக நான் அப்பாவிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.