ஓடிப் பார்க்க வந்தவள்

மோட்டார் சைக்கிள் விற்கிற கடையில் சம்பளம் வாங்கிக்கொண்டே மோட்டார் சைக்கிளுக்குப் பயந்தவள் நான். உருத்திரபுரத்திலிருந்து கிளிநொச்சிக்கு மிதிசைக்கிளில்தான் வேலைக்குப் போய் வருவேன். ஏ-ஒன்பது வீதியில் எங்கள் ஷோரூம். முன்பக்கம் முழுவதும் கண்ணாடி. எங்கள் முதலாளி தண்ணீரூற்றைச் சேர்ந்த முஸ்லிம் ஆள். இடம்பெயர்ந்து பல வருஷம் புத்தளத்தில் இருந்துவிட்டுத் திரும்பி வந்து தொழில் தொடங்கியவர். நாங்கள் எல்லோரும் அவரை, முஸ்லிம் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி, நானா என்றுதான் கூப்பிடுவோம்.

நாங்கள் விற்ற கொம்பனி பாரமான பைக்குகளுக்குப் பேர்போனது. அப்படி ஒன்று ஷோரூம் நடுவில் எப்போதும் நிற்கும். ஸ்டாண்டிலிருந்து இறக்க இரண்டு ஆம்பிளைகள் வேண்டும். வருகிறவர்கள் அதற்குப் பக்கத்தில் நின்று படம் எடுப்பார்கள், இருக்கையைத் தடவிப் பார்ப்பார்கள், போய்விடுவார்கள். அந்தக் கொம்பனிதான் திடீரென்று சின்ன பைக் செய்யத் தொடங்கியது. கொழும்பிலிருந்து ஒரு தம்பி வந்து எங்களை வரிசையாக இருத்திப் படம் போட்டு விளங்கப்படுத்தினார். நகரத்து இளம் ஆட்களுக்கானது, நெரிசலுக்குள் வளைத்து ஓடலாம், பாரம் குறைவு, பெண்களும் இலேசாகக் கையாளலாம் என்றார். "நகரமெண்டால் எது, எங்கட சந்தைச் சந்தியோ?" என்று நானா கேட்க எல்லோரும் சிரித்தோம்.

ஆனால் பைக் வந்திறங்கிய நாளிலிருந்து பின்னேரங்களில் ஷோரூம் நிரம்பியது. வங்கியில் வேலை செய்கிற பெடியன்கள், கம்பஸ் பிள்ளைகள், வெளிநாட்டு அண்ணன் காசு அனுப்புவான் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள். எல்லோருக்கும் ஓடிப் பார்க்க ஆசை. அதற்கு நானா ஒரு ஒழுங்கு வைத்தார். லைசென்ஸ் காட்ட வேண்டும். எங்கள் ஆள் ஒருவர் பின்னால் இருக்க வேண்டும். கரடிப்போக்குச் சந்தி மட்டும் போய்த் திரும்பி வரவேண்டும். பொம்பிளைப் பிள்ளை யாரும் கேட்டால் பின்னால் இருப்பது நான். அந்தச் சின்ன பைக்கில் இருந்த ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடிக்கொண்டு பிள்ளையாரைக் கூப்பிட்டிருக்கிறேன்.

அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரம். நானா தொழுகைக்குப் போயிருந்தார். மெக்கானிக் பின்பக்கம் எதையோ கழற்றிக்கொண்டிருந்தார். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பிள்ளை உள்ளே வந்தாள். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும். தோளில் பை. முகமெல்லாம் வியர்வை.

நான் வழக்கமாகச் சொல்வதைச் சொல்லத் தொடங்கினேன். அவள் பைக்கைப் பார்க்கவில்லை, வெளியே வீதியைப் பார்த்தாள். சன நெரிசல் எப்படி என்று பார்க்கிறாளாக்கும் என்று நினைத்தேன்.

"அக்கா, இதை ஓடிப் பாக்கலாமோ?"

"லைசென்ஸ் இருக்கோ தங்கச்சி?"

இருந்தது. எடுத்து நீட்டுவதற்குள் இரண்டு தடவை கீழே போட்டுவிட்டாள். முதல்முதல் புது பைக்கில் ஏறுகிற பிள்ளை, பயம் இருக்கும்தானே என்று எனக்குப் பட்டது. மெக்கானிக்கிடம் சொல்லிவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பின்னால் ஏறினேன்.

நன்றாகத்தான் ஓடினாள். எங்கேயோ பழகியிருக்கிறாள் என்று விளங்கியது. ஆனால் வேகம் கூடிக்கொண்டே போனது. ஒரு பஸ்சை முந்தினாள், பிறகு ஒரு லொறியை. நான் அவளுடைய பை வாரைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா, மெதுவா" என்று கத்தினேன். கரடிப்போக்குச் சந்தி வந்தது.

"இஞ்ச திருப்புங்கோ தங்கச்சி. இவ்வளவும்தான்."

"திருப்பேலாது அக்கா."

"என்ன?"

"பின்னால பாக்காதேங்கோ. ஒரு ஓட்டோ வருது. அவன் என்னைத்தான் கலைச்சுக்கொண்டு வாறான்."

பார்க்காதே என்றால் யார்தான் பார்க்காமல் இருப்பார்கள்? திரும்பினேன். பச்சை ஓட்டோ ஒன்று. ஓட்டுகிறவன் வெள்ளைச் சேர்ட் போட்டிருந்தான். கோபமாகக்கூட இல்லை, சவாரிக்கு ஆள் தேடுகிறவன் போல நிதானமாக இருந்தான். அந்த நிதானத்தைக் கண்டதும் பை வாரை விட்டுவிட்டு அவளுடைய இடுப்பை இறுக்கிப் பிடித்தேன்.

அவள் இடது பக்கம் உருத்திரபுரம் வீதியில் திருப்பினாள். ஓட்டோவும் திரும்பியது.

"அக்கா, உங்கட வீடு எங்க? பக்கமோ?"

பக்கம்தான். அதே வீதிதான். ஆனால் பள்ளிக்கூடம் விட்டு என் மகள் வருகிற நேரம். படலையைத் திறந்துகொண்டு அவள் வந்து நிற்பதும், அந்த வெள்ளைச் சேர்ட் அங்கே நிற்பதும் ஒன்றாக என் கண்ணுக்குள் வந்தன.

"வீட்டுக்கு வேண்டாம். என்ர மனுசன் அரிசி மில்லில வேலை. அங்க ஆக்கள் நிப்பினம். வாய்க்கால் கரையால விடுங்கோ. ஓட்டோ அதுக்குள்ள வராது."

காலபோக அறுவடை தொடங்கியிருந்த காலம். பருவம் தப்பிப் பெய்த மழையில் கரை முழுக்கச் சேறு. ஒரு பக்கம் வாய்க்கால் தண்ணீர், மற்றப் பக்கம் வெட்டாத வயல். பைக் இரண்டு தடவை வழுக்கியது. இரண்டு தடவையும் அவள் காலை ஊன்றி நிமிர்த்தினாள். பாதிக் கரை போனதும் ஒரு மதகு. அதன் ஓரம் இடிந்து, ஒரு ஆள் நடக்கிற அகலம்தான் மிச்சம். அவள் பைக்கை நிறுத்தி, என்னை இறக்கி, ஸ்டாண்டைப் போட்டுவிட்டுத் தானும் இறங்கிப் பார்த்தாள்.

"போகலாம் அக்கா. பாரமில்லாத பைக்தானே. நீங்கள் நடந்து வாங்கோ."

அப்போதுதான் பின்னால், நாங்கள் கரைக்குள் நுழைந்த முனையில் ஓட்டோ வந்து நின்றது. அவன் இறங்கினான். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சேறு படாமல் காற்சட்டையை மடித்துவிட்டு, எங்களை நோக்கி நடக்கத் தொடங்கினான்.

அவள் ஓடி வந்து ஏறி ஸ்டார்ட் பண்ணினாள். இஞ்சின் பிடித்தது. கியரைப் போட்டாள், நின்றுவிட்டது. திரும்பவும் ஸ்டார்ட். கியர் போட்டதும் திரும்பவும் நின்றது. "அம்மா, அம்மா" என்று முனகினாள்.  அவன் பெயர் சொல்லி அவளைக் கூப்பிட்டான். சின்னப் பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி, அவ்வளவு மெதுவாக.

எனக்கு யோசிக்க நேரமில்லை. ஆனால் வாய் தானாகச் சொன்னது. நாளுக்கு எத்தனை பேருக்கு ஒப்புவித்த வசனம் அது: ஸ்டாண்ட் கீழே இருக்கிற நேரம் கியர் போட்டால் இஞ்சின் தானாக நின்றுவிடும், பாதுகாப்புக்காக.

"ஸ்டாண்ட்! ஸ்டாண்டைத் தட்டுங்கோ!"

அவளுக்குக் கேட்கவில்லை. நானே கிட்டப்போய்க் காலால் தட்டிவிட்டேன். அடுத்த ஸ்டார்ட்டில் பைக் துள்ளிக்கொண்டு மதகைக் கடந்தது. நான் பின்னால் ஓடினேன். அந்த ஒடுங்கின இடத்தில் ஒரு கால் வழுக்கி முழங்கால் அளவு வாய்க்காலுக்குள் போய்விட்டது. செருப்பு போனது. எப்படி ஏறினேன், எப்படி அந்த பைக்கில் தொற்றினேன் என்று எனக்குத் தெரியாது. திரும்பிப் பார்த்தபோது அவன் மதகுக்கு அந்தப் பக்கம் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மில்லில் நெல் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். தவிட்டுத் தூசியோடு என் மனுசன் ஓடி வந்தார். என்னுடைய காலைப் பார்த்துவிட்டு விபத்து என்று நினைத்தார். அந்தப் பிள்ளையை உள்ளே சாக்குகளுக்குப் பக்கத்தில் இருத்தித் தண்ணீர் கொடுத்தோம்.  அவள் மெல்ல மெல்லச் சொன்னாள். அவனுக்கும் அவளுக்கும் வீட்டில் கலியாணம் பேசியிருந்தார்கள். ஒரு நாள் வீதியில் வைத்துக் கன்னத்தில் அடித்திருக்கிறான். அவள் வேண்டாம் என்றுவிட்டாள். தகப்பனும் வேண்டாம் என்றுவிட்டார். அன்றிலிருந்து அவள் வேலை செய்கிற கணினி நிலையத்து வாசலில் ஓட்டோ நிற்கிறது.

"நான் பைக் வாங்க வரேல்லை அக்கா. கண்ணாடிக்குள்ள வெளிச்சமா இருந்தது, அதுதான் வந்தனான். உங்களையும் இழுத்துப்போட்டன்."

 ஓட்டோ வருகிறதா என்று எட்டிப் பார்த்தேன். வரவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். நினைத்தது போலவே ஓட்டோ பெரிய வீதியால் சுற்றிக்கொண்டு வந்து மில்லுக்கு எதிரே நின்றது. அவன் கடையில் ஒரு சோடா வாங்கிக் குடித்தபடி, மூட்டை இறக்கிய ஆட்களோடு கதை கொடுத்தான்.

"என்ர ஆளைக் கூட்டிக்கொண்டு போக வந்தனான் அண்ணை. சின்னக் கோபம். பொம்பிளையள் அப்பிடித்தானே."

அவர்கள் சிரித்தார்கள். ஒருவர் உள்ளே வந்து என் மனுசனிடம், "குடும்பப் பிரச்சினையில நாங்கள் ஏன் தலையைக் குடுப்பான்? விடுங்கோ, போகட்டும்" என்றார். அவ்வளவு நேரமும் எனக்கு இருந்த பயம் வேறு, அந்த நேரம் வந்த பயம் வேறு. அவன் கத்தவில்லை, அடிக்கவில்லை. எல்லோருக்கும் நல்ல பிள்ளையாகத் தெரிந்தான். இன்னும் கொஞ்சம் கதைத்தால் இவர்களே அவளைக் கொண்டுபோய் ஓட்டோவில் ஏற்றிவிடுவார்கள் போல இருந்தது.

அந்தப் பிள்ளை எழுந்து வாசலுக்கு வந்தாள். "நான் அவன்ர ஒண்டுமில்லை" என்றாள். குரல் கீச்சென்று வந்தது. "அண்ணைமார், கேட்டுக்கொள்ளுங்கோ. நான் அவன்ர ஒண்டுமில்லை." மூட்டை இறக்குகிறவர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள். என் மனுசன் போய்ப் படலையைச் சாத்தினார்.

நான் நானாவுக்குப் போன் எடுத்தேன். அவர் என்னைப் பேசவே விடவில்லை. "பிள்ளை, பைக் எங்க? எவ்வளவு நேரமாத் தேடுறன், செத்துப்போனியளோ எண்டு பாத்தன்!" என்று கத்தினார். நான் அழுதுகொண்டே சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டார். பிறகு, "ஒருத்தரும் வெளிய வரவேண்டாம். நான் வாறன்" என்றார்.

பிக்கப்பில் மெக்கானிக்கையும் கூட்டிக்கொண்டு வந்தார். அவர்களைக் கண்டதும் ஓட்டோ புறப்பட்டுவிட்டது. அங்கிருந்து நேரே பொலிசுக்குப் போனோம். பெண்கள் பிரிவில் தமிழ் பேசுகிற ஒரு அம்மா முறைப்பாட்டை எழுதினா. அந்தப் பிள்ளையின் தகப்பனுக்கும் சொல்லி அனுப்பினா. அடுத்த நாள் அவனைக் கூப்பிட்டு, இனி அவளுடைய பக்கமே போகக்கூடாது என்று கையெழுத்து வாங்கினார்கள். சாட்சியாக என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அவன் தாயோடு வந்திருந்தான். என்னைக் கண்டதும், "அக்கா, நான் உங்களுக்கு என்ன செய்தனான்?" என்று கேட்டான். தாய் அழுதா. நான் தலையைக் குனிந்துகொண்டேன், ஏதோ நான்தான் பிழை செய்தவள் போல.

அதோடு முடிந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். நான் வேலைக்குப் போகிற பாதையை மாற்றினேன். பள்ளிக்கூடத்துக்கு மகளை நானே கூட்டிப் போய் நானே கூட்டி வந்தேன். பின்னால் ஓட்டோச் சத்தம் கேட்டால் சைக்கிளை நிறுத்தி இறங்கிவிடுவேன்.

அவன் திரும்பி வந்தது ஒரு சனிக்கிழமை. ஷோரூம் நிறையச் சனம். நான் ஒரு தகப்பனுக்கும் மகனுக்கும் எரிபொருள் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது அந்தச் சின்ன பைக்கின் மேல் அவன் இருந்தான். கண்ணாடியைச் சரிசெய்து தன் தலைமயிரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதே வெள்ளைச் சேர்ட்.

"நல்ல பைக் அக்கா. ஓடிப் பாக்கலாமோ?"

நான் மேசைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

"லைசென்ஸ் கொண்டுவந்தனான்" என்று மேசையில் வைத்தான். பிறகு சிரித்தான். "பின்னால நீங்கள்தானே வருவியள்?"

சுற்றி அத்தனை பேர் நின்றார்கள். ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. கேட்டவர்களுக்கு அது சாதாரணக் கேள்வி. என் கைப்பேசி மேசையில்தான் இருந்தது. எட்டி எடுக்க முடியவில்லை. நானா தன் அறையிலிருந்து வந்தார். என் முகத்தைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். அவர் கொஞ்சம் குள்ளமான ஆள், மூச்சுக் கஷ்டமும் உள்ளவர். மேசையிலிருந்த லைசென்சை எடுத்து அவன் சேர்ட் பையிலேயே வைத்தார்.

"தம்பி, உங்களுக்கு இந்தக் கடையில ஒரு சாமானும் இல்லை. இறங்குங்கோ."

"ஏன் நானா, நான் காசுக்குத்தானே..."

"இறங்குங்கோ" என்றார். அவருடைய குரலும் நடுங்கியது. அதை நான் கேட்டேன். அவனும் கேட்டிருப்பான். மெக்கானிக் பின்பக்கக் கதவில் வந்து நின்றார். அவன் இறங்கி, பைக்கின் இருக்கையை ஒருதரம் தட்டிவிட்டு வெளியே போனான்.

நானா கதிரையில் இருந்து நீண்ட நேரம் மூச்சு வாங்கினார். பிறகு அவரே பொலிசுக்குப் போன் எடுத்தார். இந்தமுறை அவனை அழைத்துக் கடுமையாகவே எச்சரித்தார்கள் என்று அறிந்தோம். அவன் திரும்பவும் வரவில்லை. தென்பக்கம் எங்கேயோ வேலைக்குப் போய்விட்டான் என்று ஒருவர் சொன்னார். இல்லை, இங்கேதான் நிற்கிறான் என்று இன்னொருவர் சொன்னார்.

அந்தப் பிள்ளை இப்போது நெளுக்குளத்தில் தமக்கையோடு இருக்கிறாள். வவுனியாவில் வேலை. இடைக்கிடை எனக்குப் போன் எடுப்பாள். போன கிழமையும் எடுத்தாள். சாப்பாடு, மழை, மகளின் படிப்பு எல்லாம் கதைத்து முடிந்த பிறகு கேட்டாள்:

"அக்கா, உங்களுக்கு இப்பவும் பயமோ?"

இல்லை என்று சொல்லத்தான் நினைத்தேன்.

"ஓம்" என்றேன்.

"எனக்கும்தான்" என்றாள்.  இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.