இரண்டு காய்ச்சல்கள்

காலை ஐந்தரைக்கு வாசலில் சைக்கிள் மணி. தூக்கம் போன கடுப்பிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நான் மூன்றாவது படிக்கும்போது, டாக்டர் மிரட்டியதால் அப்பாவும் எதிர்வீட்டு சலீம் மாமாவும் சைக்கிள் ஓட்ட ஆரம்பித்தார்கள். நான்காம் நாளே அப்பா போர்வைக்குள்ளிருந்து, "காய்ச்சல்னு மாமாகிட்ட சொல்லிட்டு வாடி" என்றார்.

நடுத்தெருவில் மாமாவின் மகள் நசீமா எதிரே வந்தாள். "எங்க அத்தாவுக்குக் காய்ச்சலாம்டி!"

விழுந்து விழுந்து சிரித்துவிட்டு அவரவர் வீட்டுக்குத் திரும்பி ஓடினோம். "மாமா ரெடிப்பா. நீ வரமாட்டன்னு பந்தயம் கட்றாரு" என்று புளுகினேன். நசீமாவும் அங்கே அதையே புளுகினாள்.

"யாரு, நானா வரமாட்டேன்?" அப்பா லுங்கியோடு கிளம்பினார். திரும்பி வந்தவர்கள், கடற்கரை எதிர்க்காற்றில் யார் முந்தியது என்று வாசலிலேயே சண்டை போட்டார்கள்.

இப்போது இருவருக்கும் ஐம்பது தாண்டியாச்சு. "சீக்கிரம் வாடா, இன்னிக்கு வில்லியனூரு வரைக்கும் ஓட்டணும்!" என்று கீழே மாமா கத்துகிறார். அந்த டாக்டரின் பெயரே இருவருக்கும் மறந்துபோச்சு.